முப்பத்தொன்பது வயதில் ஒரு கிழவன்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் கடிதம் தொடங்குவது. நீ நலமாய் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அந்த வரியை எழுத என் கை வரவில்லை. நீ என்னோடு கதைத்துப் பன்னிரண்டு நாளாகிறது. கடைசியாய் உன் போனிலிருந்து வந்தது ஒரே ஒரு வரி. "நீங்கள் எனக்குச் செய்தது துரோகம் அம்மா." கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தேன். அம்மா மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாள் என்று நினைத்து இந்தக் கடிதத்தைப் பிரித்திருந்தால் ஏமாந்துபோவாய். எனக்குக் கோபம். உன்மேல் கோபம், இறந்துபோன உன் அப்பாமேல் கோபம், எல்லாரையும் விட என்மேல் கோபம். போனில் சொல்ல வெளிக்கிட்டால் "சரி அம்மா, பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இதை உன் மனைவி சுகந்தியும் வாசிக்கட்டும், உன் தங்கச்சியும் வாசிக்கட்டும். எங்கள் குடும்பத்தில் புருஷனுக்குத் தெரியாமல் மனைவியும் மனைவிக்குத் தெரியாமல் புருஷனும் மூடி மூடி வைத்தது போதும்.

நான் செய்த துரோகம் இதுதான். உன் வலது கை பத்து நிமிடம் உணர்வில்லாமல் போனதை நீ எனக்கு மட்டும் சொன்னாய். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் என்றாய். ஓம் என்று தலையாட்டினேன். நீ கனடாவுக்குத் திரும்பிப் போய் நாலாம் நாள் உன் மனைவிக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது. அதுவரை நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நீ கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. அதை நீ கேட்கவில்லை.

தங்கச்சியின் கலியாணத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது அங்கேதான். தேவாலயத்தில் ஆராதனை முடிந்து எல்லாரும் படம் எடுக்க வெளியில் வந்து நின்றோம். படம் எடுக்கிற பையன் மானிப்பாய்ப் பக்கத்தில் இருந்து வந்தவன், எங்கள் ஆட்களை அவனுக்குத் தெரியாது. ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு வந்தவன் உன்னைப் பார்த்து, "ஐயா, நீங்கள் பொம்பிளையின்ரை அப்பாதானே, இஞ்சாலை அம்மாவுக்குப் பக்கத்திலை வாங்கோ" என்றான். எனக்கு அறுபத்தாறு வயது. உனக்கு முப்பத்தொன்பது. நீ பெரிதாய்ச் சிரித்தாய். "நான் பொம்பிளையின்ரை அண்ணன், தம்பி" என்று அவன் தோளில் தட்டினாய். மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள். சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை அதுதான் பகிடியாய் இருந்தது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அந்தப் பையனில் ஒரு பிழையும் இல்லை. முன்தலை வெளித்து, மிச்சத் தலை நரைத்து, கண்ணுக்குக் கீழே பை விழுந்து, கழுத்து எது நாடி எது என்று தெரியாமல், கோட்டுப் பொத்தான் பூட்ட முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஒருவரைக் கண்டு அவன் கணக்குப் போட்டான். நீ பிறந்த திகதி அவனுக்குத் தெரியாது. உன் உடம்பு சொன்ன வயதை அவன் வாசித்தான்.

எனக்கு ஏன் அவ்வளவு சுட்டது என்று உனக்குத் தெரியாது, அதையும் சொல்கிறேன். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த புதிதில் நான் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு கிளினிக்குக்குப் போவேன். நீ கனடா போய் ஒன்றரை வருடம்தான் ஆகியிருக்கும். அங்கே துண்டு எழுதுகிற பெண்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "உங்கடை அப்பாவுக்கு என்ன வயசு அம்மா?" என்று கேட்டாள். அவருக்கு ஐம்பத்துநாலு, எனக்கு ஐம்பத்தொன்று. நான் அவளைத் திருத்தவில்லை. ஐம்பத்துநாலு என்று மட்டும் சொன்னேன். அவள் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவருக்குக் கதைக்க முடியாதே தவிர எல்லாம் விளங்கும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருடைய நல்ல பக்கத்துக் கண்ணில் இருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து, என் மகளின் கலியாணத்தன்று, அதே அவமானத்தை நீ பகிடியாக்கிக்கொண்டு நின்றாய்.

கலியாணத்துக்கு அடுத்த நாள் பின்னேரம் மிஞ்சின றோல்சையும் கேக்கையும் தட்டில் வைத்துக்கொண்டு, சோடாப் போத்தலோடு விறாந்தையில் இருந்தாய். நான் உன் உடம்பைப்பற்றிக் கதை எடுத்தேன். நீ வாயில் றோல்சோடு சொன்ன பதில் என் காதில் இன்னும் நிற்கிறது. "பரம்பரை அம்மா. அப்பாவுக்கும் அப்பிடித்தானே. எங்கடை ஆம்பிளையள் கெதியாய்க் கிழண்டு போயிடுவினம்." நீ அதைச் சொன்னபோது உன் பெரியப்பா முற்றத்தில் ஏணியில் ஏறி நின்று பந்தல் சீலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உன் அப்பாவைவிட நாலு வயது மூத்தவர். எழுபத்துமூன்று வயது. உன் அப்பா பிறந்த அதே வயிற்றில் பிறந்தவர். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும்போது நீ எனக்குப் பரம்பரைக் கதை சொன்னாய்.

பெரியப்பாவை நான் நல்ல மனிதர் என்று சொல்ல வரவில்லை. முன்கோபக்காரர். எல்லை வேலி அரை அடி தள்ளிப்போட்டது என்று ஆறு வருடம் உன் அப்பாவோடு கதைக்காமல் இருந்தவர். அவரிடம் நீ புத்தி கேட்கப் போனால் அச்சுவேலிச் சந்தையில் வெங்காயம் விலைபோகாத கதையைத்தான் சொல்லுவார். ஆனால் நாற்பத்தொரு வயதுவரை அவரும் உன் அப்பாவைப்போலத்தான் சிகரெட் ஊதினார். இடம்பெயர்ந்து போய் நாங்கள் எல்லாரும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தபோது அவருக்கு ஒரு இருமல் பிடித்து இரண்டு மாதம் விடவில்லை. ஒருநாள் காலையில், இனிமேல் வேண்டாம் என்று பெட்டியை எறிந்தார். ஒருவருக்கும் சத்தியம் பண்ணவில்லை, ஒன்றும் பெரிதாய்ச் சொல்லவுமில்லை. ஊருக்குத் திரும்பிப் போய் மண்வெட்டியைப் பிடித்தார். இருட்டினால் படுப்பார், கோழி கூவினால் எழும்புவார். நீ போரைச் சொல்லுவாய் என்று தெரியும். அப்பாவைப் போர்தான் கிழவனாக்கியது என்று உன் கூட்டாளிகளுக்குச் சொல்லியிருக்கிறாயாம். அதே போரில்தான் பெரியப்பாவும் இருந்தார். அதே மண்டபம், அதே பசி, அதே பயம். அவர் எங்களைவிட அதிகம் பறிகொடுத்தவர்.

உன் அப்பா திரும்பி வந்து கந்தோரில் உத்தியோகக் கதிரையில் இருந்தார். அந்தக் கதிரையில் இருந்து எழும்பவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடைக்கும் மோட்டார்சைக்கிள். காலமைச் சாப்பாடு இல்லை, பதினொரு மணிக்குக் கன்ரீனில் பொரித்தது ஏதாவது. மத்தியானம் கோப்பை நிறையச் சோறு. தேத்தண்ணீருக்கு மூன்று கரண்டி சீனி, நாளுக்கு எட்டுத் தேத்தண்ணீர். பின்னேரம் கூட்டாளிமாரோடு சாராயமும் பொரித்த மீனும். நித்திரை நாலு மணித்தியாலம். அந்த நாலு மணித்தியாலத்தை நான் மற்ற ஆட்களிடம் பெருமையாய்ச் சொல்லித் திரிந்தேன், என்னவோ அது பெரிய உழைப்பாளியின் அடையாளம் என்று. அந்த எட்டுத் தேத்தண்ணீரையும் ஊற்றிக் கொடுத்தது யார்? அந்த மீனைப் பொரித்தது யார்? நான் பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருடம் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பித்தவள். தொற்றா நோய்கள் என்று கரும்பலகையில் எழுதி, புகைத்தால் இரத்தக்குழாய் என்னாகும், நித்திரை குறைந்தால் இரத்த அழுத்தம் என்னாகும், நடக்காத கால் என்னாகும் என்று பிள்ளைகளைப் பாடமாக்க வைத்து, ஒரு வரி விட்டால் புள்ளி வெட்டியவள். மணி அடித்ததும் வீட்டுக்கு வந்து குசினிக்குள் போய் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைப்பேன். எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கியதை என் வீட்டு மனிதருக்குச் சொல்லத் துணிவில்லை. சொன்னால் வீட்டில் முகம் சுருங்கும் என்று பயந்தேன்.

நீ திரும்பிப் போக மூன்று நாள் இருக்கும்போது, காலமை என்னோடு சந்தைக்கு நடந்து வரச் சொன்னேன். நான் தினமும் நடக்கிற தூரம்தான். பாதி வழியில் மதகுக்கட்டில் போய் இருந்துவிட்டாய். "கொஞ்சம் இருப்பம் அம்மா." சேட்டு நனைந்திருந்தது. வெயில்கூட அப்போது ஏறவில்லை. பக்கத்தில் இருந்தேன். அப்போதுதான் நீ வாய் திறந்தாய், என் முகத்தைப் பாராமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "போன மாதம் கார் பூட்டுற திறப்பு கையிலை இருந்து விழுந்திட்டுது. குனிஞ்சு எடுக்கப் பார்த்தன், விரல் மடங்கேல்லை. வாயும் ஒரு பக்கம் தடிச்ச மாதிரி இருந்தது. ஒரு பத்து நிமிசம்தான். பிறகு சரி வந்திட்டுது." டொக்டர் ஒருவர் மூன்று மாதத்துக்கு முன்னமே பிறசருக்கும் சீனிக்கும் குளிசை எழுதித் தந்ததையும், நீ அதை வாங்கவே இல்லை என்பதையும் அதற்குப் பிறகு சொன்னாய். உன் நாட்களையும் சொன்னாய். கிழமையில் ஐந்து நாள் கந்தோர், சனி ஞாயிறு இன்னொரு வேலை, சாப்பாடு காருக்குள், நித்திரை அப்பாவைப்போல நாலு மணித்தியாலம், சுகந்திக்குத் தெரியாமல் சிகரெட். கடைசியில், "சுகந்திக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பயந்திடுவாள். கார் ஓட விடமாட்டினம். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாய். அந்த வார்த்தைகளை நான் கேட்டது அது முதல் தரம் இல்லை, தம்பி. அதனால்தானோ தெரியாது, பழக்க தோஷத்தில் ஓம் என்றேன்.

இனி நான் எழுதப்போவது உனக்கும் தங்கச்சிக்கும் தெரியாதது. அப்பா பாரிசவாதத்தில் விழுவதற்குப் பதினொரு மாதத்துக்கு முன்னம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிபோல், சாப்பாட்டு மேசையில் அவர் கையில் இருந்து தேத்தண்ணீர்க் கோப்பை நழுவி விழுந்தது. கோபத்தில் எறிந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் கை மேசையில் அப்படியே கிடக்கிறது. மற்றக் கையால் அதைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார். சொல்ல வாய் எடுக்கிறார், சொல் குழைகிறது. நான் பேணியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் எல்லாம் சரியாய்ப் போனது. உடைந்த கோப்பையைக் கூட்டி அள்ளிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போவோம் வெளிக்கிடுங்கோ என்றேன். அவர் என்னைக் கூப்பிட்டு இருத்தினார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். பிள்ளைக்குச் சோதனை வருது. பெடியன் இப்பதான் அங்கை கால் ஊண்டுறான். நான் பாத்துக்கொள்ளுறன்." நான் சுகாதார ரீச்சர். அது என்ன என்று எனக்குத் தெரியும். பெரிதாய் ஒன்று வரப்போகிறது என்று உடம்பு அனுப்புகிற அறிவித்தல் அது, உடனே பார்த்தால் தடுக்கலாம் என்று நானே படிப்பித்திருக்கிறேன். ஆனாலும் ஓம் என்றேன். அன்று மத்தியானம் அவருக்கு விருப்பம் என்று கணவாய் மீன் பொரித்தேன்.

அவர் விழுந்தபிறகு வந்த நாலு வருடத்தை நீ போனில்தான் பார்த்தாய். நான் போனைப் பிடிக்குமுன் அவருக்குத் தலை வாரி, சேட்டுப் போட்டு, நல்ல பக்கம் தெரியத் திருப்பி வைப்பேன். நீ அங்கே தனியாய்க் கிடந்து அழக்கூடாது என்று அப்படிச் செய்தேன். அதுவும் ஒரு மறைப்புத்தான், இப்போது விளங்குகிறது. ஒரு பெரிய மனிதனைப் புரட்டிப் புரட்டிக் கழுவி, முதுகில் புண் வராமல் பார்த்து, கஞ்சி ஊட்டி, ஊட்டியது வழிய வழியத் துடைத்து, நாலு வருடம். தங்கச்சி பதினாறு வயதில் இருந்து இருபது வயதுவரை எங்கும் போகவில்லை. அவளுடைய கலியாணம் முப்பத்தொரு வயதுவரை ஏன் தள்ளிப்போனது என்று ஊர் ஆயிரம் சொல்லும், உண்மைக் காரணம் அந்தக் கட்டிலில் கிடந்தது. அவர் ஐம்பத்தெட்டு வயதில் போனபோது போதகர் வந்து, ஆண்டவர் தன் பிள்ளையை அழைத்துக்கொண்டார் என்று பிரசங்கம் பண்ணினார். எல்லாரும் ஆமென் என்றார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. ஆண்டவர் அழைக்காமலே அவர் போனார். நான் பொரித்துக் கொடுத்து வழியனுப்பினேன். இருபது வருடத்தை அவசரமாய்ச் செலவழித்துவிட்டுப் போன ஒரு மனிதனின் பழியை ஆண்டவர் தலையில் போடுவதைக் கேட்டுக்கொண்டு நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

ஒழுங்காய் வாழ்ந்தால் சாவு வராது என்று நான் சொல்லவில்லை. என்னோடு படிப்பித்த சங்கீத ரீச்சர் ஒரு தேத்தண்ணீர்கூட அதிகமாய்க் குடியாதவர், நாற்பத்தொன்பது வயதில் புற்றுநோயில் போனார். அதற்கு யாரும் கணக்குச் சொல்ல முடியாது. அப்படி வருவது வேறு, நாங்களே கதவைத் திறந்து உள்ளே விடுவது வேறு. கையில் இருக்கிறதையும் கையில் இல்லாததையும் ஒன்றாய்க் குழைத்துப் பரம்பரை என்று பெயர் வைத்துவிட்டுச் சோடா குடிக்கிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் பங்கில் உனக்கு நேராய்ச் செய்த ஒரு பிழை இருக்கிறது. நீ அதை ஒருநாளும் எடுத்துக் கதைக்கவில்லை, மறந்திருக்கவும் மாட்டாய். உனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடி முதலாவதாய் வந்தாய். மாவட்டத்துக்குத் தெரிவு செய்திருந்தார்கள். உன் விளையாட்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்து, பிள்ளையை விடுங்கோ, இவனுக்கு நல்ல நெஞ்சு இருக்கிறது என்று சொன்னார். அந்தக் கிழமை கணக்குச் சோதனையில் உனக்குப் புள்ளி குறைந்திருந்தது. அவர் போனபிறகு நான் உன் ஓடுகிற சப்பாத்தை எடுத்துப் பின் வளவுக்காரரின் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். நீ வந்து தேடினாய். கொடுத்துவிட்டேன் என்றேன். நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ரியூசனுக்குப் போனாய். அன்றைக்குப் பிறகு நீ ஓடி நான் காணவில்லை. உடற்கல்வியும் சேர்த்துப் படிப்பித்தவள் தன் பிள்ளையை மட்டும் கதிரையில் கட்டிவைத்தாள். இருந்து படிக்கிற பிள்ளைதான் நல்ல பிள்ளை, நித்திரை முழிக்கிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை, கோப்பையில் மிச்சம் வைக்காத பிள்ளைதான் சொல்வழி கேட்கிற பிள்ளை என்று உன்னை வளர்த்தது நான். நீ அந்தச் சொல்லை இன்றுவரை தட்டவில்லை. அந்தச் சப்பாத்துக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். சுகந்திக்குச் சொன்னதற்குக் கேட்கமாட்டேன்.

அவளுக்குச் சொன்ன அன்று நடந்ததையும் நீ என் வாயால் கேட்கவேண்டும். நீ போன நாலு நாளும் நான் சாப்பிடவில்லை என்று சொல்லமாட்டேன், சாப்பிட்டேன், நடந்தேன், தேவாலயத்துக்கும் போனேன். ஆனால் எங்கே இருந்தாலும் அந்தக் கோப்பை விழுந்த சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாலாம் நாள் பின்னேரம், அங்கே காலமை, போனை எடுத்தேன். பிள்ளை, இருந்துகொண்டு கேளும் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. ஒரு வரிதான் சொன்னாள். "பிள்ளையளைப் பள்ளிக்கூடத்திலை இறக்க இப்பதான் காரிலை ஏத்திக்கொண்டு போறார், மாமி." உன் கை அன்றைக்கு விழுந்தது கார் நிற்கிற இடத்தில். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்திருந்தால்? பின் இருக்கையில் என் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்திருந்தால்? உன் உயிரை நீ எப்படியும் செலவழிக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களுடையதை யாரைக் கேட்டு எடுத்தாய்? அவர்கள் பள்ளிக்கூடத்தில் இறங்கிவிட்டார்கள் என்று அவள் திரும்ப எடுத்துச் சொல்லும்வரை நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன்.

அன்றே அவள் உன் கந்தோருக்கு வந்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும், மற்ற ஆட்களுக்கு முன்னால் உனக்கு வெட்கமாய்ப் போனதும் எனக்குத் தெரியும். கழுத்தால் மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் ஒடுங்கிக் கிடக்கிறதாம். முப்பத்தொன்பது வயதுக்காரரின் கழுத்தில் இருக்கவேண்டிய குழாய் இது இல்லை என்று டொக்டர் சொன்னாராம். குளிசை தந்திருக்கிறார்கள், காரை மறித்திருக்கிறார்கள், இரண்டாவது வேலை நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் தாமதித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், நீ அந்த நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாயாம். இதெல்லாம் சுகந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ துரோகம் என்று எழுதியது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் என்பதையும் அவள்தான் சொன்னாள். எழுத உனக்கு விரல் மடங்கியதே, அதுவே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

குளிசையை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதெல்லாம் பழையபடி என்று இருக்காதே. சிகரெட்டை விடு, குறைக்கிறேன் என்று சொல்லாதே, விடு. நித்திரையைச் சோம்பல் என்று உனக்குச் சொல்லித் தந்தது நான், அது பொய். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போ. கார் இல்லாதது அதற்காவது உதவட்டும். பிந்திவிட்டது என்று நினைக்காதே. அப்பா போனபிறகு எனக்கே பிறசர் ஏறி, படி இறங்கச் சுவரைப் பிடிக்கிற நிலைமை வந்தது. முதல்நாள் தேவாலய வாசல்வரைதான் நடக்க முடிந்தது, அதற்கே வீட்டில் வந்து படுத்துவிட்டேன். இன்றைக்குச் சந்தைக்குப் போய்ப் பையோடு திரும்பி வருகிறேன். உடம்பு ரோசம் பார்க்காது. எவ்வளவு காலம் அலட்சியம் பண்ணினாலும், கொஞ்சம் கவனித்தால் தன்னால் ஆனதைத் திருப்பித் தரும். முழுவதையும் தராது. தருவதை வாங்கிக்கொள்.

இன்னும் ஒன்று எழுத இருக்கிறது. இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்பா படுத்து மூன்றாம் வருடம் அவருக்குச் சொற்கள் ஒன்றிரண்டாய்த் திரும்பி வந்தன. ஒருநாள் காலமை அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து இருத்தி முகம் வழித்துக்கொண்டிருந்தேன். நாடியில் சவர்க்கார நுரை இருந்தது. என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒவ்வொரு சொல்லையும் பிடுங்கிப் பிடுங்கித்தான் எடுத்தார். "நீர்... ஏன்... சொல்லேல்லை?" எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆருக்கு என்று கேட்டேன். அவர் கன நேரம் எடுத்தார். "ஆருக்... கெண்டாலும்." நீங்கள்தானே சொல்லவேண்டாம் என்றீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் அவர் கேட்டது சரி. பயந்து போயிருந்த ஒரு மனிதன் என்னிடம் ஒரு வாக்குக் கேட்டான், நான் அவனுடைய பயத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அவனைக் கைவிட்டுவிட்டேன். ஈரத் துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு மற்றப் பக்கத்தை வழித்தேன். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை உன் வாயாலும் கேட்க எனக்குச் சீவன் இல்லை, தம்பி. அதற்கு நீ என்னைத் துரோகி என்பது எவ்வளவோ மேல். சொல்லு. கோபம் ஆறும்வரை சொல்லு. உனக்கு எண்பது வயதாகி, நான் கல்லறைக்குள் கிடக்கும்போதும் உன் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து, என்ரை அம்மா எனக்குத் துரோகம் செய்தவ என்று சொல்லு. ஒரு எழுத்துக் குழையாமல் சொல்லு.

அம்மா